வெளிச்சவீட்டை மூடிய நிலவு: ஒரு போட்டோவின் வழக்கு

ஆவணிப் பறுவத்துக்கு, அதாவது முழுநிலவுக்கு, அடுத்த நாள் காலை, படம் எடுக்கிற எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. மட்டக்களப்பின் பாலமீன்மடு வெளிச்சவீடு, அதற்குப் பின்னால் செம்மஞ்சள் நிறத்தில் நிலவு. தென்னைகளுக்கு மேலே தெரிகிற கோபுரம் முழுவதும் அந்த வட்டத்துக்குள் அடங்கிக் கிடந்தது. படத்தோடு ஒரு வரி எழுத்தும் இல்லை. நிலவு எமோஜி ஒன்று மட்டும்.

போட்டவன் குழுவில் ஆக இளையவன். எல்லோரும் தம்பி என்றே கூப்பிடுவோம். முதல் அரை மணி நேரம் கைதட்டல்தான். அப்புறம் கல்லடி அண்ணன் ஒருவர், "தம்பி, இது ஒட்டினதுதானே?" என்று கேட்டார். பகலுக்குள் படம் வேறு இரண்டு குழுக்களுக்குப் போய்விட்டது. அங்கிருந்து திரும்பி வந்தது இது: "நான் பாலமீன்மடுவில பிறந்து வளர்ந்தவன். இப்பிடி ஒரு நிலாவ ஒருநாளும் கண்டதில்ல." பின்னேரம் தம்பி குழுவை விட்டு வெளியேறிவிட்டான்.

குழுவைக் கவனிக்கிற இரண்டு பேரில் நானும் ஒருவன். உண்மையைச் சொன்னால், நானும் ஒட்டு வேலை என்றுதான் நினைத்தேன், ஆனால் வாய் திறக்கவில்லை. அவன் போன பிறகுதான் உறைத்தது. பதினொரு பேர் இருக்கிற குழுவில் ஒருவரும் "நீ எங்க நின்டு எடுத்த?" என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் பாதி வழக்கு அன்றே முடிந்திருக்கும். மற்றப் பாதி வேறு கதை, அதற்கும் வருகிறேன்.

சந்தேகம் ஏன் வந்தது

சந்தேகப்பட்டவர்களையும் குறை சொல்ல முடியாது. பாலமீன்மடு வெளிச்சவீடு 1913இல் கட்டியது, 28 மீற்றர் உயரம், வாவி கடலோடு சேர்கிற முகத்துவாரத்துக்குக் கிட்ட நிற்கிறது. மட்டக்களப்பில் கெமரா வாங்கிய எவரும் முதல் மாதத்திலேயே அங்கே போயிருப்பார். போய் அடியில் நின்று அண்ணாந்து எடுப்பார், அல்லது இருநூறு முந்நூறு மீற்றர் தள்ளிப் போய் எடுப்பார். அந்தப் படங்களில் நிலவு வந்தாலும் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் ஒரு மூலையில் கிடக்கும். நம் கண்ணில் பதிந்திருப்பது அந்த அளவுதான்.

இன்னொரு பக்கம், பெரிய நிலவை வெட்டி ஒட்டுவது இப்போது இரண்டு நிமிட வேலை. மலைக்கு மேல் நிலவு, யானைக்குப் பின்னால் நிலவு, கோயில் கோபுரத்துக்குப் பின்னால் நிலவு என்று ஒரே நிலவு ஊர் ஊராகச் சுற்றுகிறது. பல படங்களில் மேகம் நிலவுக்குப் பின்னால் போகும். 2023இல் சில கைபேசிகள் மங்கலான நிலவுக்குத் தாமாகவே விவரம் சேர்க்கின்றன என்று பெரிய பேச்சு கிளம்பியது. அதற்குப் பிறகு உண்மையான நிலவையும் ஆட்கள் நம்புவதில்லை.

இதற்கு மேல் வட்ஸ்அப். படத்தைப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், எடுத்த நேரம், லென்ஸ், ஷட்டர் வேகம் என்று கோப்புக்குள் இருக்கிற விவரங்களையும் கழற்றிவிடும். டொக்கியுமென்டாக அனுப்பினால் எல்லாம் அப்படியே இருக்கும். தம்பி படமாக அனுப்பினான். நிரபராதி என்று காட்டக்கூடிய ஒரே சாட்சியைத் தானே அழித்துவிட்டு வந்து நின்றான்.

நூற்றுப்பத்து

எங்கள் குழுவில் கணக்குப் படிப்பித்த சேர் (ஆசிரியர்) ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்றவர், பறவைகளைத் தவிர வேறொன்றும் எடுக்கமாட்டார். அவரிடம் போனேன். ஒரு பழைய டயறியின் பின்பக்கத்தில் 110 என்று ஒரு எண்ணை எழுதினார்.

நிலவு வானத்தில் பிடிக்கிற இடம் ஏறக்குறைய அரைப் பாகை. எங்கிருந்து பார்த்தாலும் அதே அரைப் பாகைதான். பூமியிலிருந்து அதன் தூரம் கூடிக் குறைவதால் கொஞ்சம் மாறும், ஆனால் நம் கணக்கைக் கெடுக்கிற அளவுக்கு மாறாது. அரைப் பாகை என்றால், எத்தனை மீற்றர் தூரத்தில் ஒரு பொருள் இருக்கிறதோ அதை 110ஆல் பிரித்தால் வருகிற அளவை நிலவு மறைக்கும். 300 மீற்றரில் நிற்கிற வெளிச்சவீட்டுக்குப் பின்னால் நிலவு 3 மீற்றர்கூட வராது. உச்சியில் விளக்கு இருக்கிற கூண்டு அளவுக்கு வரும், அவ்வளவுதான். அதுவே 2,600 மீற்றர் தள்ளி நின்றால் 24 மீற்றருக்குக் கிட்ட வந்துவிடும். முழு 28 மீற்றரும் மூட வேண்டுமானால் 3 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூடத் தள்ளிப் போக வேண்டும்.

"நிலவு பெருக்கல்ல. வெளிச்சவீடு சிறுத்திருக்கு," என்றார் சேர். லென்ஸ் செய்கிற வேலை தூரத்தில் இருக்கிற இரண்டையும் ஒன்றாக வெட்டி எடுத்துத் தருவது மட்டும்தான். கைபேசியை அதே இடத்தில் பிடித்தாலும் இரண்டுக்கும் உள்ள விகிதம் அதேதான், ஆனால் கடுகு அளவில் இருக்கும்.

ஆக, அந்தப் படம் உண்மையாக இருக்கலாம். இருக்கலாம் என்பதற்கும் இருக்கிறது என்பதற்கும் நடுவில் வாவி கிடந்தது.

நாலு பறுவம்

அடுத்த சனிக்கிழமை தம்பியின் வீட்டுக்குப் போனேன். முதலில் முகம் கொடுக்கவில்லை. அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்த பிறகு கொஞ்சம் இளகினான். "வாங்க அண்ணன், இடத்தக் காட்டுறன்" என்று மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். வாவிக்கு மேற்குக் கரை. கண்டல் மரங்களுக்கு நடுவில் தோணி இழுக்கிற ஒரு சின்ன வெளி. அங்கிருந்து கிழக்கே பார்த்தால் தண்ணீருக்கு அப்பால் தென்னை வரிசை, அதற்கு மேல் தீக்குச்சி மாதிரி வெளிச்சவீடு. கைபேசி வரைபடத்தில் அளந்தோம்: 2.6 கிலோமீற்றர்.

அவன் அங்கே முதலில் வந்தது பங்குனிப் பறுவத்துக்கு. நிலவு எந்தப் பாகையில் உதிக்கும் என்று ஸ்டெல்லேரியம் என்கிற வானியல் மென்பொருளில் பார்த்து, வெளிச்சவீட்டிலிருந்து அதற்கு நேரெதிராகக் கோடு போட்டு, கோடு கரையைத் தொட்ட இடத்தில் வந்து நின்றிருக்கிறான். கணக்கெல்லாம் சரி. ஆனால் கடலுக்கு மேலே முகில் ஒரு சுவர் மாதிரி நின்றது. நிலவு வெளியே வந்தபோது வெளிச்சவீட்டுக்கு மேலே மூன்று நாலு பாகை ஏறிவிட்டது. கிழக்குக் கரையில் சூரியோதயம் எடுக்கப் போனவர்களுக்கு இந்தச் சுவரைத் தெரியும். தலைக்கு மேல் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், அடிவானத்தில் மட்டும் அது இருக்கும்.

சித்திரைப் பறுவத்துக்கு அதே இடத்தில் போய் நின்றான். இதில்தான் பிழைத்தது. நிலவு மாதத்துக்கு மாதம் ஒரே இடத்தில் உதிப்பதில்லை. பறுவ நிலவு சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நிற்பது. சூரியன் வடக்கே போகப் போக அது தெற்கே இறங்கும். மார்கழியில் வடகிழக்குப் பக்கமாக வருகிற பறுவம் ஆனியில் தென்கிழக்குப் பக்கமாக வரும். பங்குனிக்கும் சித்திரைக்கும் இடையில் மட்டும் பத்துப் பதினொரு பாகை நகர்ந்துவிட்டது. 2.6 கிலோமீற்றர் தூரத்தில் ஒரு பாகை என்றால் 45 மீற்றர். அவன் அரைக் கிலோமீற்றர் வடக்கே போயிருக்க வேண்டும். நிலவு வேறெங்கோ ஒரு தென்னந்தோப்புக்குப் பின்னால் எழும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

அன்றைக்கு அங்கே ஒரு வயதானவர் தோணியைக் கரையில் ஏற்றிக்கொண்டிருந்தாராம். நாங்கள் போன சனிக்கிழமையும் அவர் இருந்தார். நிலவு காலத்தில் இறால் படாது, அதனால் அந்த நாட்களில் வலை பொத்துவதுதான் வேலை என்றார். தம்பியைப் பார்த்ததும் சிரித்தார். "இந்தப் பொடியன் நாலு பறுவமா வாறான். நான் அண்டைக்கே சொன்ன, மனே, நிலா இஞ்சால வராது, அங்கால போயிரும் எண்டு. கேட்டாத்தானே." சாட்சி வேண்டும் என்று தேடிப் போனேன். சாட்சி வலை பொத்திக்கொண்டு இருந்தது.

ஒரே பறுவத்துக்குள்ளும் நகர்வு உண்டு. முதல் நாளுக்கும் அடுத்த நாளுக்கும் சில நேரம் ஐந்து பாகையைத் தாண்டியும் போகும், உதிக்கிற நேரமும் முக்கால் மணி அளவில் பிந்தும். நேற்று நின்ற இடம் இன்றைக்கு உதவாது. நமக்கு உள்ள ஒரு வசதி, நாம் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பது. மட்டக்களப்பில் நிலவு ஏறக்குறைய நேராக மேலே ஏறும். ஐரோப்பாவில் அது சரிந்து சரிந்து ஏறுவதால் கோபுரத்தின் அடியில் பிடித்த நிலவு உச்சிக்கு வருவதற்குள் பக்கவாட்டில் ஓடிவிடும். இங்கே சரியான கோட்டில் நின்றால் அது கோபுரத்தின் முதுகில் ஏணி வைத்த மாதிரி ஏறும். இதை நினைத்தால், உலகத்திலேயே இந்தப் படம் எடுக்க வசதியான இடங்களில் நாம் இருக்கிறோம். ஆனாலும் எல்லோரும் கோபுரத்தின் அடியில் போய் நிற்கிறோம்.

வைகாசியில் போகவில்லை. ஊரில் கண்ணகை அம்மன் சடங்கு, குளிர்த்தி. அந்த நாட்களில் கெமராவோடு வாவிக்கரைக்குப் போகிறேன் என்றால் வீட்டில் விடுவார்களா. ஆனியில் கோடு கண்டலுக்குள் போய் விழுந்தது, நிற்க நிலமில்லை.

ஆடியில் வடக்கே தள்ளி, ஒரு வளவு வேலிக்கு வெளியே நின்றான். பகல் முழுவதும் கச்சான் காற்று அடித்த நாள். மேற்கிலிருந்து வந்த சூட்டுக்காற்றோடு புழுதியும் வயல் பக்கத்துப் புகையும் சேர்ந்து கடல் பக்கத்து அடிவானம் பழுப்பாகிக் கிடந்தது. நிலவு உதித்த நேரத்தில் ஒன்றுமே தெரியவில்லை. இரண்டு பாகை ஏறிய பிறகு சிவந்த ஒரு தேய்வு மாதிரித் தெரிந்தது. அதற்குள் வெளிச்சவீடு கீழே போய்விட்டது.

ஆவணியில் திரும்பவும் பங்குனி இடம். சூரியன் போன வழியே திரும்பி வருவதால் பறுவமும் பழைய கோட்டுக்குத் திரும்பி வந்திருந்தது. சூரியன் மறைந்தது 6:07. மாலை அந்தி நமக்கு 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடத்தான், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். முகில் சுவர் அன்றைக்கு இல்லை. 6:13க்கு நிலவு தென்னை ஓலைகளிலிருந்து விடுபட்டது. பதினேழு படம் எடுத்தான், ட்ரைபொட் கால்கள் சேற்றில் அங்குலம் அங்குலமாக இறங்கிக்கொண்டிருக்க.

ரோ ஃபைல் சொன்னது

கதை கேட்டு நம்பிவிட்டேன், ஆனால் குழு நம்ப வேண்டுமே. ரோ ஃபைலை, அதாவது கெமரா பதிந்தபடியே இருக்கிற மூலக் கோப்பைக் கேட்டேன். தயங்கினான். அந்தத் தயக்கம் ஏன் என்று அப்போது புரியவில்லை. இரண்டு நாள் கழித்து, 6:13 தாண்டி முப்பது செக்கன் அளவில் எடுத்த ஒரு கோப்பை அனுப்பினான்.

கணக்கு சேரும் நானும் உட்கார்ந்து அளந்தோம். கெமரா 24 மெகாபிக்ஸல், சென்சர் அகலம் 22.3 மில்லிமீற்றர், 6,000 பிக்ஸல். லென்ஸ் 250 மில்லிமீற்றரில். 250ஐ 110ஆல் பிரித்தால் சென்சரில் நிலவு 2.27 மில்லிமீற்றர் இருக்க வேண்டும், அதாவது 610 பிக்ஸல் அளவில். கோப்பில் அகலம் 606. வெளிச்சவீட்டின் அடிப்பகுதி ஒன்பது மீற்றர் அளவில் மரத்துக்குள் போக, மிச்சம் தெரிவது 19 மீற்றர். அது 490 பிக்ஸல் வர வேண்டும், வந்தது. நிலவு கோபுரத்தை விழுங்கியது கணக்குப்படிதான்.

இதைவிட எனக்குப் பிடித்த சாட்சி வேறு. அந்த நிலவு வட்டமில்லை. அகலம் 606, உயரம் 524. அடிவானத்துக்குக் கிட்ட இருக்கும்போது காற்றுமண்டலம் ஒளியை வளைக்கிறது, கீழ் விளிம்பை மேல் விளிம்பைவிடக் கூடுதலாகத் தூக்கிவிடும். அதனால் நிலவு நசுங்கிய தோடம்பழம் மாதிரித் தெரியும். ஒட்டுகிறவர்கள் எடுப்பது உச்சி வானத்து நிலவை. அது நல்ல வட்டம், வெள்ளை, குழிகளெல்லாம் துல்லியம். அடிவானத்தில் வட்டமான, பளிச்சென்ற நிலவைக் கண்டால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். தம்பியின் நிலவின் விளிம்பு வாவிக்கு மேலான சூட்டுக்காற்றில் நெளிந்து கிடந்தது. பின்னால் சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை. அது கிழக்கில் எழும்புகிற பூமியின் நிழல், சூரியன் மறைந்த கையோடு சில நிமிடங்கள்தான் அப்படிக் கிடக்கும்.

முடிவை எழுதிக் குழுவில் போட்டேன். கல்லடி அண்ணன் ஒரு மணி நேரத்துக்குள் தம்பிக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டார். வழக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

காக்காவின் கண்

காத்தான்குடியில் ஸ்டூடியோ வைத்திருந்த காக்கா ஒருவர் (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) எங்களோடு இருக்கிறார். பிலிம் காலத்திலிருந்து கல்யாணப் படம் கழுவிய கை. அதுவரை ஒன்றும் பேசாதவர் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார்: "நிலா சரி. தென்னோலையப் பாருங்க."

குழுவில் முதலில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நிலவின் கீழ் விளிம்பில் சில ஓலைகளுக்கு இரட்டைக் கோடு. கோபுரத்தின் இடது ஓரத்தில் நூல் அளவில் ஒரு வெளிச்சம். ரோ ஃபைலில் அது இல்லை. அந்தக் கோப்பில் மரங்கள் கறுப்பு, கோபுரமும் மங்கல். பகிர்ந்த படத்தில் கோபுரத்தின் வெள்ளைகூடத் தெரிந்தது.

இந்த முறை தம்பியிடம் நேராகக் கேட்டேன். ஒளிக்கவில்லை. நிலவுக்கு 1/125 செக்கனில் ஒரு படம், பதினெட்டு செக்கன் கழித்து மரத்துக்கும் கோபுரத்துக்கும் 1/30இல் இன்னொன்று. வீட்டில் இரண்டையும் சேர்த்திருக்கிறான். பதினெட்டு செக்கனில் நிலவு தன் விட்டத்தில் ஏழில் ஒரு பங்கு ஏறிவிடும். அந்த இடைவெளிதான் ஓலையில் இரட்டைக் கோடாக நின்றது. "ஒட்டினதுதானே எண்டு கேட்டாங்க. இல்ல எண்டு சொன்னா அது முழு உண்மையில்ல. ஓம் எண்டு சொன்னா அதவிடப் பெரிய பொய். அதான் வெளியேறிட்டன்," என்றான்.

இங்கேதான் குழு இரண்டாகப் பிரிந்தது. இரண்டு படம் சேர்ந்தால் ஒட்டுத்தான் என்றார்கள் சிலர். காக்கா அப்படிச் சொல்லவில்லை. இருட்டறையில் முகத்தைக் கையால் மறைத்து வெளிச்சத்தைக் குறைத்ததும், முந்தானைக்குக் கூடுதலாகக் காட்டியதும் நாங்கள்தானே என்றார். அமெரிக்கப் படப்பிடிப்பாளர் அன்சல் அடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலவுப் படத்தையும் சேர் நினைவூட்டினார். எடுத்த நாளை அடம்ஸே மறந்துவிட்டார். பல ஆண்டுகள் கழித்து வானியல் தெரிந்தவர்கள் நிலவு நின்ற இடத்தை வைத்தே நாளையும், மாலை 4:49 என்று நேரத்தையும் கண்டுபிடித்தார்கள். அதே படத்தின் வானத்தை அடம்ஸ் பிரதி எடுக்கும்போது வரவர இருட்டாக்கிக்கொண்டே போனார். நிலவு இருந்த இடம் உண்மை, வானத்தின் கறுப்பு அவருடைய கைவேலை. இரண்டும் ஒரே தாளில்.

என் கட்சி காக்காவின் பக்கம். ஒரே இடத்தில், ஒரே லென்ஸில், பதினெட்டு செக்கனுக்குள் எடுத்த இரண்டைச் சேர்ப்பதும், வேறொரு நாட்டு நிலவைக் கொண்டுவந்து பாலமீன்மடுவில் தொங்கவிடுவதும் ஒன்றாகாது. ஆனால் தம்பி சொல்லியிருக்க வேண்டும். சந்தேகப்பட்டவர்கள் சொன்ன காரணம் முழுக்கப் பிழை, ஆனால் படத்தில் ஏதோ சரியில்லை என்று பட்டது பிழையில்லை. இதை ஏற்றுக்கொள்ள எனக்கும் சில நாள் எடுத்தது. முதல் அறிக்கையில் அவ்வளவு சத்தமாகத் தீர்ப்பு எழுதியவன் நான்.

இப்போது குழுவில் படம் போடுகிறவர் நின்ற இடம், நேரம், லென்ஸ், எத்தனை படம் சேர்ந்தது என்று ஒரு வரி எழுதுகிறார். சட்டம் என்று போடவில்லை, தம்பி தொடங்கினான், மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். இடம் எழுதும்போது பறவைக் கூடுகளை மட்டும் விட்டுவிடுகிறோம், சேரின் பிடிவாதம். அந்த நிலவுப் படத்தையும் தம்பி திரும்பப் போட்டான். இந்த முறை டொக்கியுமென்டாக, "மேற்குக் கரை, 2.6 கிலோமீற்றர், 250 மில்லிமீற்றர், இரண்டு படம் சேர்த்தது, இடது பக்கம் வெட்டியது" என்ற குறிப்போடு.

ஐப்பசியில் மழை தொடங்குவதற்கு முதல் அதில் ஒன்றைப் பிரிண்ட் போட்டு, வலை பொத்துகிற ஐயாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். நிலவைப் பார்த்தார், வெளிச்சவீட்டைப் பார்த்தார், தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"நல்லா இருக்கு, மனே. அண்டைக்கு இந்தப் பக்கம் என்ட தோணி நிண்டதே, அது எங்க?"

தம்பி என்னைப் பார்த்தான். ரோ ஃபைலின் இடது மூலையில் அது இருந்தது எனக்கும் தெரியும்.